சபாநாதனின் கைகளும் கறுப்பு நிறமும்

சபாநாதனை அறிந்தவர்களுக்காக மூன்று விடயங்களை எழுத நினைக்கிறேன்.

1. அவருடைய கைகள்.
2. இரத்தம் போன விதம்.
3. அவர் எதற்கும் அஞ்சாதவர் என்பது.

செய்தியைக் கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னார். "அண்ணை, இவர் விடியவே போயிட்டார்." நான் "ஓம், ஓம்" என்றேன்.

நானும் அவரும் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எதிரெதிர் மேசைகளில் வேலை செய்தோம். சிறுவயதிலிருந்தே அவருடைய விரல் எலும்புகளில் புடைப்புகள். முன்கையில் நாவற்பழ நிறத்தில் மெத்தென்ற கட்டிகள். எலும்பும் இரத்தக் குழாய்களும் கோணலாக வளரும் அபூர்வ நோய் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணொருத்தி அந்தக் கைகளைப் பார்த்துத் தயங்கி நின்றாள். "பயப்படாதையும் பிள்ளை, இது ஒட்டாது. ஒட்டுமெண்டால் முதலில இவருக்கெல்லோ ஒட்டியிருக்கும்? என்ரை சோத்துப் பார்சலில பாதி இவரின்ரை வயித்துக்குள்ளதான் போகுது" என்று என்னைக் காட்டிச் சொன்னார் சபாநாதன்.

கடந்த ஆண்டு அவருக்கு மூச்சு வாங்கியது. இரத்தம் குறைவென்று இரும்புக் குளிசை கொடுத்தார்கள். மலம் கறுக்கும் என்றும் சொன்னார்கள். கறுத்தது. மருந்து வேலை செய்கிறதென்று இருவரும் திருப்திப்பட்டோம். வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கையில், "இண்டைக்கும் தார்தான் ஐசே, றோட்டுப் போடலாம்" என்பார். நான் சிரிப்பேன். கையில் இருந்தவை போன்ற கட்டிகள் குடலிலும் இருந்து இரத்தம் கசிவதால்தான் கறுக்கிறது என்பது எங்களுக்குத் தோன்றவேயில்லை. ஒருநாள் கோவில் வாசலில் மயங்கி விழுந்த பிறகே தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள், அதுவும் கசிந்து போனது. குடலுக்குள் கமரா விட்டு ஓரிடத்தைச் சுட்டு அடைத்தார்கள், இன்னோரிடம் கசிந்தது. வெட்டி எடுக்க முடியாதா என்று கேட்டேன். "எதையெண்டு வெட்டுறது ஐயா? குடல் நீளத்துக்கு இருக்கு" என்றார் வைத்தியர். என்ன செய்வதென்று தெரியாமல் தோடம்பழம் வாங்கிப் போனேன். வாயால் எதுவும் கொடுக்கக்கூடாதென்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பழங்களை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பார்வையாளர் நேரம் முடிந்ததென்று தாதி சிங்களத்தில் சொன்னார். நான் எழுந்தேன். சபாநாதன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரும் ஐசே. எனக்குப் பயமாக் கிடக்கு."

தாதி மறுபடி சொல்லும்வரை அவர் விடவில்லை. அந்தப் புடைத்த விரல்களின் இறுக்கம்தான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது.

மூன்றாவதாக எழுதியது பிழை. அவர் அஞ்சினார். அஞ்சாதவர் என்று நாங்களே சொல்லிச் சொல்லி, தன் பயத்தைச் சொல்ல அவருக்கு இடம் வைக்கவில்லை.