பென்சில் கம்பெனி கொடுத்த அட்வான்ஸ்

போனில் யார் பேசினாலும் முனீஸ்வரி எழுந்து நின்றுதான் பேசுவாள். ஜீப் டிரைவர் பேசினாலும் சரி, கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும் இயந்திரக் குரல் பேசினாலும் சரி. பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டிலிருந்து ஜெசி இதைப் பார்க்கிறாள். போன ஐப்பசியில் ஏலத்தோட்டத்தில் வழுக்கி விழுந்து, இடது காலில் மாவுக்கட்டு போட்ட பிறகும் பழக்கம் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள்.

தேவாரத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் மலையேறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் ஏலக்காய் எடுப்பது அவள் வேலை. ஆறு வாரம் வீட்டோடு கிடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கையில் இருந்தது நாலாயிரம் ரூபாய். ஆறு வாரமும் அதில்தான் அடுப்பெரிய வேண்டும். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு செய்தி வந்தது: வீட்டிலிருந்தே பென்சில் அடுக்கும் வேலை, மாதம் முப்பதாயிரம்.

புருஷன் விஜய்பாண்டி அன்றைக்கே கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டுவிட்டான், பென்சில் மூட்டை இறக்க இடம் வேண்டுமே என்று. கட்டிலுக்கடியில் அடைகாத்த கோழி கோபித்துக்கொண்டு ஜெசி வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. கோழியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் ஜெசிக்கு விஷயமே தெரிந்தது.

போன வருஷம் பி.காம் முடித்த கையோடு, டைப் அடிக்கும் வேலை என்று நம்பி இரண்டாயிரத்து ஐநூறு கட்டி ஏமாந்தவள் ஜெசி. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அப்பா சேவியர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும்போது எப்படிச் சொல்ல? அதனால், வேலை கொடுக்கிறவன் காசு கேட்டால் நம்பக்கூடாது, ஆபீஸ் எங்கே என்று கேட்க வேண்டும் என்று மட்டும் முனீஸ்வரி அக்காவிடம் பொதுவாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. முனீஸ்வரி எழுந்து நின்றாள்.

கம்பெனிக்காரன் தேனொழுகப் பேசினான். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது கட்டினால் நாளைக்கே லாரி கிளம்பும், இன்றைக்கே கடைசி நாள் என்றான். ஆபீஸ் எங்கே என்றதற்கு, எல்லாம் ஆன்லைன் என்றான். முனீஸ்வரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் சரிங்க சார். அட்வான்ஸ் எவ்வளவு தருவீக?"

"நீங்கதான் மேடம் கட்டணும்."

"வேலைக்கு வாரவ எதுக்குக் கட்டணும்? எங்க ஜீப்புக்காரரு அட்வான்ஸக் குடுத்துட்டு, இவ வருவாளோ மாட்டாளோன்னு அவருல்ல முழிச்சுக் கிடப்பாரு. நீங்க தொழிலுக்குப் புதுசா?"

பரீட்சைக்குக் கட்டணம், விண்ணப்பத்துக்குக் கட்டணம், சான்றிதழுக்குக் கட்டணம் என்று கட்டியே பழகிய ஜெசிக்கு, வேலைக்கும் கட்டச் சொன்னபோது சந்தேகமே வரவில்லை. இந்தக் கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை? படிப்பு சொல்லித் தரவில்லையா, இல்லை மறக்கடித்துவிட்டதா?

அரைமணி நேரம் பேரம் நடந்தது. கால் வலித்தபோது முனீஸ்வரி ஜெசியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவன், நம்பிக்கைக்காக என்று சொல்லி இருநூறு ரூபாய் போட்டுவிட்டான். பின்னாலேயே ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது வந்துவிடும் என்று நினைத்திருப்பான். இவளோ, லாரியை அனுப்புங்கள், வேலையில் கழித்துக்கொள்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவன் கெஞ்ச ஆரம்பித்தான். நாலாம் நாள் மேடம் போய் அக்கா வந்தது.

"அக்கா, அது என் கைக்காசு. அதையாவது திருப்பிப் போடுங்க."

"காசாத் திருப்புனா வேலை வேணாம்னு ஆயிருமே தம்பி. பென்சில அனுப்பு."

அன்றைக்கு ஜெசி தான் ஏமாந்த கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்கு அடித்துப் புகார் கொடுப்போம், இரண்டு பேருமே கொடுப்போம் என்றாள். முனீஸ்வரி பதறிப்போனாள்.

"நீ குடு ஆத்தா. நான் காசு வாங்குனவ. கேசு என் மேலல்ல வரும்?"

ஜெசி மட்டும் கொடுத்தாள். நாலாயிரத்தில் ஆறு வாரமும் இழுத்துப் பறித்து ஓடியது. கட்டுப் பிரித்ததும் ஜீப்புக்காரர் கூப்பிட்டார். ஒருத்தரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு இன்னொருத்தர் ஜீப்பில் ஏறுவது அந்தப் பக்கம் பெரிய துரோகம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று முனீஸ்வரி கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

மனசு கேட்காமல்தான் ஜீப்பில் ஏறினாள். இருநூறு ரூபாய்க்கு உண்டான பென்சிலை அவள் இன்னும் அடுக்கிக் கொடுக்கவில்லை.