தணிக்கை அதிகாரி

உறையைக் கிழிக்கும் முன் அதைக் காதோரம் ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார் அந்த அம்மாள். ஏனென்று கேட்டால், "சும்மா, பழக்கம்" என்பார். பிறகு தலையிலிருந்து கிளிப்பை உருவி உறையின் ஓரத்தைக் கீறுவார். தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கத் தொடங்குவார். எதிரே சாய்வு நாற்காலியில் அவருடைய அண்ணன். பேர்போன நாடகாசிரியர். எண்பதைத் தாண்டியதும் பார்வை போய்விட்டது. கடிதங்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. பொதுத் தபால் பெட்டியிலிருந்து அவற்றை எடுத்துப்போய்க் கொடுக்கும் மாடிவீட்டுக்காரன் நான்.

தங்கை தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரசிகர் புகழ்ந்திருந்தாலும் வைதிருந்தாலும் ஒரே குரலில்தான் படிப்பார். பதில் எழுதும்போது அண்ணன் சொல்லும் வேகத்துக்குக் கை ஓடாவிட்டால், "லைன்ல இருங்க" என்று விரலை உயர்த்துவார். கண் தெரியாதவருக்கு விரல் எதற்கென்று நான் கேட்டதில்லை.

சொன்னதையெல்லாம் எழுதிவிடவும் மாட்டார். "இந்த வார்த்தை வேணாம்ணே, அந்தாளு பேத்தி படிக்கும்."

"காலம் பூரா அரசாங்கத்தோட மல்லுக்கு நின்னேன். கடைசில சொந்த வீட்டுக்குள்ளயே ஒரு தணிக்கை அதிகாரி!" என்று அண்ணன் என்னிடம் முறையிடுவார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. அண்ணனின் நாடகங்களில் கதாநாயகனாக நடித்தவர் எழுதியது. மேடையில் ஒரு வசனத்தை மாற்றிப் பேசியதால் முறிந்துபோன நட்பு அது. தொண்டையில் அறுவைச் சிகிச்சை, குரல் போய்விட்டது என்று எழுதிவிட்டு, 'பேசாத வேஷம் ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "எழுது. என் வசனத்த மாத்தின வாய்க்கு ஆண்டவனே பூட்டுப் போட்டுட்டான்."

தங்கை பேனாவை மூடினார். "இத நான் எழுத மாட்டேன்."

"சொல்றத எழுதறதுதானே உன் வேலை?"

"அப்ப வேற ஆளப் பாரு. நம்ம வீட்ல உண்டு உறங்கின மனுஷன், பேச முடியலன்னு எழுதியிருக்காரு. வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சச் சொல்றியே!"

அன்றோடு கடிதப் போக்குவரத்து நின்றது. வேளாவேளைக்குக் காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. நான் கொண்டுபோன உறைகள் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தன.

ஒரு காலை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவரை அண்ணன் கூப்பிட்டார். "பேனா இருக்கா? ஒருத்தன் வர்றான். உக்கார்றான். வர்றவன் போறவனெல்லாம் அவன்கிட்ட மனசக் கொட்டுறான். அவன் கேட்டுக்கிட்டே இருக்கான். பேசாத வேஷம் கேட்டான்ல, இத அவனுக்கு எழுது."

தங்கை கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "மெதுவாச் சொல்லுண்ணே."

அன்று முதல் இங்கிருந்து காட்சி போகிறது; அங்கிருந்து சண்டை வருகிறது. 'முடிவில் நான் எதற்கு அழ வேண்டும்?' என்று நடிகர் எகிறுகிறார். "வாய் போயும் வாய்க்கொழுப்பு போகல பாரு!" என்று அண்ணன் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். இப்போதெல்லாம் இரண்டாம் முறை சோறு கேட்கிறாராம்.

நேற்று வந்த உறையில் எழுத்தே இல்லை. அழுவதற்குப் பதில் தன் முகம் எப்படி இருக்கும் என்று நடிகர் வரைந்து அனுப்பியிருந்தார். தங்கை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன போட்டிருக்கான்? சொல்லேன்."

"சொல்லத் தெரியலண்ணே."

நாற்காலியருகே முட்டி போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். படத்தை இன்னொரு முறை பார்த்து, அதிலிருந்ததுபோலவே தன் முகத்தை ஆக்கிக்கொண்டார். பிறகு அண்ணனின் விரல்களைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார்.