அண்ணனுக்குக் காற்று

மாரடைப்பில் இறந்த அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் புதன்கிழமை முடிந்தது. மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு அவர் மகள் பெர்மாஸ் ஜெயாவிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். சிங்கப்பூரில் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. மைக்ரோ ஆர்என்ஏ பற்றிய ஆராய்ச்சி.

அது என்னவென்று முன்பொரு முறை கேட்டிருக்கிறேன்.

“புரதம் செய்யச் சொல்லி செல்லுக்குள்ள ஒரு உத்தரவு போகும் சித்தப்பா. இந்தப் பொடிசு அதைப் பிடிச்சு நிறுத்திடும். இதயத் தசை அடிபட்டா இதுல சிலது ரத்தத்துல கூடிடும். ரத்தக்குழாய் கெட ஆரம்பிக்கிறதை இதை வச்சு முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமான்னு பாக்குறோம்.”

“என் ரத்தத்தை எடுத்துப் பாரு, பாதி தே தாரேக் டீதான் இருக்கும்” என்று பக்கத்திலிருந்த அண்ணன் சிரித்தார்.

இப்போது அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பாவுக்கு முன்னாடியே நெஞ்சுவலி இருந்துச்சா? அம்மா இல்லவே இல்லைங்கிறாங்க. நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவராச்சே.”

முப்பது வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நெஞ்சுவலி என்ற சொல் அதில் இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் பொய்யாகாது. ஆனால் ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு நெஞ்சில் எது அடைத்தாலும் காற்றுதான். “ஒன்னுமில்ல லா, வெறும் ஆங்கின்” என்று அந்தக் காற்றையே மலாயில் சொல்வார் அண்ணன். நான் தைலம் தேய்த்துவிடுவேன். ஏப்பம் வந்ததும் இருவருக்கும் நிம்மதி. பிறகு நாள் குறித்து எழுதிவைப்பேன்.

சென்ற வருடக் குறிப்பேட்டையும் இந்த வருடத்துக்குரியதையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் விரல் வைத்துப் படித்தாள்.

“அண்ணனுக்குக் காற்று. மாடி ஏறியபின்.”

“அண்ணனுக்குக் காற்று. இடது தோளிலும்.”

முதலில் மாதத்துக்கு ஒன்று. பிறகு வாரத்துக்கு ஒன்று. கடைசிப் பக்கங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொன்றையும் என் கையால்தான் எழுதினேன். ஒருமுறைகூடச் சேர்த்துப் படித்ததில்லை.

“நாங்க ரத்தத்துல தேடுறோம் சித்தப்பா” என்றாள். “இங்க தமிழ்லயே எழுதியிருக்கு.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கங்கள் புரளும் சத்தம் நின்றது. இந்த வாரத் திங்கட்கிழமையில் அவள் விரல் இருந்தது. “காற்று. தைலம் தேய்த்தேன்.”

“இது யாருக்கு?”

நான் மேசைப் பக்கம் பார்த்தேன். அவள் மேசைமேல் இருந்த தைலப் புட்டியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“சட்டைய மாத்துங்க. கிளினிக் வேணாம், நேரா ஆஸ்பத்திரி.”

எழுந்தேன். இந்த வருடக் குறிப்பேடு அவள் மடியிலேயே கிடந்தது. அதை மூடி என் கையில் கொடுத்தாள்.

“இதையும் எடுத்துக்குங்க. டாக்டர்கிட்ட நானே படிச்சுக் காட்டுறேன்.”