சுரண்டிய கோடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், பட்டம் பெற்று இரண்டாண்டு வேலையின்றி அலைந்தபின், மயிலாப்பூரில் ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் எனக்கு வரைபட வேலை கிடைத்தது. கடப்பைப் பக்கத்து மலையடிவாரத்தில் ஒரு குன்றைக் குடைந்து, அப்பால் வறண்டு கிடந்த ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டம் அவர் கையில் இருந்தது. நிலவியல் படித்தவன் என்பதால் பாறைகளைப் பார்த்துவர என்னை அனுப்பினார். குடையும் வேலையை மேற்பார்வையிடுவதற்குச் சாந்தோமைச் சேர்ந்த என் கல்லூரித் தோழன் அமர்த்தப்பட்டிருந்தான்.

அந்த அடிவாரத்துப் பாறைகள் கிடையாகப் படுத்திருப்பவை அல்ல. இரு பக்கமும் நெருக்கிய பாயைப்போலப் பலகைக்கல் அடுக்குகள் எழுந்தும் தாழ்ந்தும் மடிந்திருந்தன. ஓர் ஓடையின் படுகையில் அந்த மடிப்பு அறுந்திருந்தது. ஒரு கரையின் அடுக்கு மறுகரையில் தொடரவில்லை. நடுவே இரண்டு முழ அகலத்துக்குக் கல் நொறுங்கி, ஈரக் களிமண்ணோடு கலந்து, கைவைத்தால் உதிர்ந்தது. என்றோ ஒரு காலத்தில் மலை அங்கே பிளந்து நழுவியிருக்கிறது. பிளவின் போக்கை அளந்தேன். அது அப்படியே நீண்டால் சுரங்கத்தின் வழியைக் குறுக்கே வெட்டும். ஆனால் குன்றின் சரிவை உருண்ட கற்கள் மூடியிருந்தன. அங்கே அதைக் காண இயலவில்லை.

கண்ட பிளவுக்கு முழுக்கோடு, ஊகித்ததற்கு விட்டுவிட்டுப் போடும் கோடு என்பது எங்கள் தொழில்முறை. நகலெடுப்பதற்கான மெல்லிய டிரேசிங் துணியில் மையால் அவ்வாறே வரைந்தேன். பொறியாளர் குனிந்து பார்த்தார்.

"இதை நீ கண்ணால பாத்தியோ?"

"ஓடையிலே பார்த்தேன் சார். குன்றிலே ஊகம்தான்."

"ஊகத்தையெல்லாம் போட்டா மேலிடத்துல திட்டத்தையே மூட்டை கட்டிடுவா. அப்புறம் அந்த ஊருக்கெல்லாம் ஜலத்தை நீ தலையில சுமந்துண்டு போவியா?"

அந்த ஊர்களை நான் பார்த்திருந்தேன். சேறு ஊறுவதற்காகக் கிணற்றைச் சுற்றிக் காத்திருந்த பெண்களை நினைத்தேன். குடையப்போகிறவர்களை மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப மாட்டேன். அவர்களையும் நினைத்தேன். இரண்டையும் சீர்தூக்கினேன். கண்ட தாகத்தின் முன் காணாத பிளவு எடை குறைவாகத் தோன்றியது. பிளேடை எடுத்துக் கோட்டைச் சுரண்டினேன்.

மறுநாள் தோழன் வந்தான். மேசைமேல் விரித்திருந்த துணியைத் தடவியவன் விரலை நிறுத்தினான்.

"இன்னாடா, இந்த எடம் மட்டும் சொரசொரன்னு கீது?"

"மை சிந்திடுச்சு."

"அதானே! காலேஜ்லயே உன் சட்டைப் பை நீலமாத்தான கெடக்கும்." சிரித்தான். "தண்ணி வரட்டும், மொத சொம்பு உனக்குத்தான்டா."

அந்தத் துணியிலிருந்து எடுத்த, சுரண்டிய தடம் ஏறாத நீல நகலைச் சுருட்டிக்கொண்டு போனான்.

மழைக்காலத்தில் சுரங்கம் உள்ளே இடிந்தது. தகவல் வந்ததும் இடத்தைக் கேட்டேன். கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது. செய்தித்தாளில் அவன் பெயர் வந்தது. அவனோடு புதைந்த கல்லுடைப்பவர்கள் "சில கூலிகள்" ஆனார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பெண்கள் இன்னும் கிணற்றடியில்தான் காத்திருப்பார்கள்.

துக்கம் கேட்கச் சாந்தோம் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவருகே நின்றபடி பேசினாள்.

"மலை உள்ளாற பொளந்து இருந்தது யாருக்குமே தெரியாதாமேண்ணே? 'அவன் போட்ட படம், பயமே இல்ல'ன்னுதான் போனாரு. படத்துல எதுனா இருந்துச்சா?"

"படத்தில் இல்லை, அம்மா" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவளும் நம்பினாள்.

அந்தத் துணி இப்போது என்னிடம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. விரல்தான் கண்டுகொள்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த வீட்டிலிருந்து எனக்குப் பலகாரத் தட்டு வருகிறது. வாங்கிக்கொள்கிறேன்.