அடிக்காத அடிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் மன்னிப்புக் கடிதம் எழுதாத தொழிலாளி கிடையாது. தட்டு நழுவி நாலு பொம்மை உடைந்தால் ஒரு கடிதம். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் ஒரு கடிதம். சூளையில் சூடு சரியாக ஏறாமல் சரக்கு வீணானால், தப்பு யாருடையதாக இருந்தாலும், அன்றைக்குக் கண்ணில் படுகிறவன் எழுத வேண்டும். 'இத்தவறைச் செய்தது நான்தான், இனி நடக்காது' என்று இரண்டு வரி போதும். சூப்பர்வைசர் அதை வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொள்வார், கதை அதோடு முடிந்தது. நான் செய்யவில்லை என்று முறைத்துக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் மறுநாள் வேலை இருக்காது.

ஜெரோம் இருபது கடிதமாவது எழுதியிருப்பான். அவற்றில் பாதி அவன் செய்யாத தப்புக்கு. முப்பத்தாறு வயது, பொம்மை கம்பெனியில் மண்குழம்பு ஊற்றுகிற வேலை. பிளாஸ்டர் அச்சுக்குள் குழம்பை ஊற்றி, ஓரம் இறுகியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, பிள்ளையாரையும் யானையையும் சேதாரமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும். அவன் எடுக்கிற பிள்ளையாருக்குத் தும்பிக்கை உடைந்ததே இல்லை என்று முதலாளியே சொல்வார். சொல்வாரே தவிர, கடிதம் வாங்காமல் விடமாட்டார்.

வேலை நேரம் போக அவனுக்கு இருந்தது ஒன்றே ஒன்று, கால்பந்து. பங்குக் கோயில் பையன்கள் சேர்ந்து நடத்துகிற சூசையப்பர் அணியில் ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போடும்போதுகூட மைதானத்தில் ஈரம் எப்படி இருக்குமோ என்றுதான் யோசிப்பான் என்று மனைவி ஜெனிபர் கிண்டல் செய்வாள். அது பொய் இல்லை.

அவனுக்கு ஒரு குறை இருந்தது. அவன் ஃபைனல் ஆடியதே இல்லை. அவனுக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது அணி ஒரு தடவை ஃபைனலுக்கு வந்தது. அப்போது அவன் பீங்கானில் மின்சார பியூஸ் கட்டை அடிக்கிற கம்பெனியில் இருந்தான். ஃபைனலுக்கு மூன்று நாள் முன்பு பிரஸ் மெஷினில் கை மாட்டி, வலது கை மோதிர விரல் பாதி போனது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, ஆட்டம் என்னவாயிற்று என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டான். தோற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினேழு வருடம் அணி அரை இறுதியைத் தாண்டவில்லை. முழங்கால் தேய ஆரம்பித்ததும், இந்த வருடம் மே மாதக் கோப்பையோடு பூட்ஸைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தான். பத்து வயது மகள் ஆன் மேரி, அப்பா ஃபைனல் ஆடினால்தான் மைதானத்துக்கு வருவேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை அரை இறுதி. எதிரணி திட்டக்குடி. ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது சூசையப்பர் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. திட்டக்குடிக்கு ஒரு கார்னர். பந்து உயர்ந்து வந்தது. ஜெரோம் கோல் கோட்டின்மேல் சறுக்கி விழுந்து அதை வெளியே தள்ளினான். அதே நேரத்தில் திட்டக்குடியின் கார்முகில், இருபத்திரண்டு வயதுப் பையன், பந்துக்கு எகிறி, தன் அணி ஆளின் மண்டையிலேயே மூக்கை இடித்துக்கொண்டு ஜெரோமுக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தான். ஜெரோம் எழுந்ததும் எழாததுமாக, "எழுந்திருப்பா" என்று அவன் நெஞ்சில் கையை அழுத்திச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். செய்த பாவம் அவ்வளவுதான்.

இந்த ஊரில் மைதானக் கோடு போடச் சுண்ணாம்பு வாங்குவதில்லை. கம்பெனிகளில் தேய்ந்து தூக்கியெறிகிற பிளாஸ்டர் அச்சுகளை இடித்துத் தூளாக்கிக் கோடு போடுவார்கள். ஈரக் கையில் பட்டால் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். கோட்டின்மேல் விழுந்த ஜெரோமின் வலது கை முழுக்க அந்தத் தூள். கார்முகிலின் கறுப்புச் சட்டையில், கழுத்துக்குக் கீழே, அந்தக் கை அச்சடித்ததுபோல் விழுந்திருந்தது.

ரெஃப்ரி சாமிதுரை ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். அவர் பந்தின் பின்னால் போயிருந்தார். கூச்சல் கேட்டுத் திரும்பியபோது அவருக்குத் தெரிந்தது ரத்தம் வழிகிற மூக்கு, சட்டையில் வெள்ளைக் கை. "குரல்வளையைப் புடிச்சு அடிச்சிட்டாரு சார்!" என்று திட்டக்குடிக்காரர்கள் கத்தினார்கள். கார்முகிலுக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது, அவன் வாயே திறக்கவில்லை.

"எல்லாரும் கையக் காட்டுங்க" என்றார் சாமிதுரை.

வகுப்பில் நகம் பார்க்கிற மாதிரி தடுப்பாட்டக்காரர்களை வரிசையாக நிற்க வைத்துக் கை பார்த்தார். சட்டையில் இருந்த கைக்கு நாலு விரல் முழுசு, ஒன்று பாதி. ஜெரோமின் கையைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ரெட் கார்டை எடுத்தார்.

"சார், தூக்கி வுட்டேன் சார். சத்தியமா அடிக்கல."

"கை ஒன்னோடதுதானே?"

"கை என்னோடதுதான் சார். ஆனா..."

"வெளிய போ."

மீதி ஆறு நிமிடம் பத்துப் பேரோடு ஆடி அணி ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். ரெட் கார்டு வாங்கியவன் அடுத்த ஆட்டம் ஆட முடியாது. கோயில் தெருப் பையன்கள் வெடி வெடித்தார்கள். ஜெரோம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கவும் தோன்றாமல் இருந்தான்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்துக்குக் கம்பெனி வாசலுக்கு அடைக்கலம் வந்தார். அணியின் செயலாளர், கம்பெனி கம்பெனியாக வேலை பார்த்து ஓய்ந்தவர், ஊரில் எந்தச் சண்டைக்கும் முதலில் போய் நிற்கிறவர். கையில் ஒரு வெள்ளைத்தாள், எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. 'ஆட்ட வேகத்தில் எதிரணி வீரரின் கழுத்தைப் பிடித்து முகத்தில் தாக்கியது என் தவறு. மன்னித்து ஃபைனலில் ஆட அனுமதிக்க வேண்டுகிறேன்.'

"இது பொய்யிண்ணே" என்றான் ஜெரோம்.

"பொய்யாவே இருக்கட்டும்பா. கோப்பைக் கமிட்டித் தலைவர் பழமலைநாதன் நல்ல மனுசன். அடிக்கலன்னு நின்னா ரெஃப்ரிக்கு ரோஷம் வரும். தப்புதான்னு எறங்கிப் போனா வுட்டுடுவாங்க. நீ எத்தன எழுதியிருக்கிற, நான் எத்தன எழுதியிருக்கிறேன், யாரு செத்துட்டோம்?"

ஜெரோம் போனில் ஜெனிபரைக் கேட்டான். அவள் யோசிக்கவே இல்லை. "அடிக்கலன்னா அடிக்கலன்னு எழுதிக் குடுங்க. பக்கத்து வூட்டுக்காரங்ககூட நம்புறாங்க, கமிட்டி நம்பாதா?"

அவள் கம்பெனியில் வேலை பார்த்தவள் இல்லை, அவளுக்கு உலகம் தெரியாது என்று ஜெரோம் நினைத்துக்கொண்டான். அவனுக்கு உலகம் தெரிந்த லட்சணம் மறுநாளே தெரிந்துவிட்டது. சுவரில் தாளை வைத்து, பாதி விரல் கையால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டான். ஒரு நொடி ஆயிற்று, அவ்வளவுதான். கை பழகியிருந்தது.

சனிக்கிழமை மதியம் கமிட்டி கூடியது. ஜெரோம் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, வாசலில் காத்திருந்தான். பூட்ஸைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். அரைமணி நேரத்தில் பழமலைநாதன் வெளியே வந்தார். கையில் அவன் கடிதம். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்ட? நேத்துக் காலையில அந்தத் திட்டக்குடிப் பையன் மூக்குல பிளாஸ்திரியோட பஸ்ஸு ஏறி வந்தான். 'அந்த அண்ணன் என்னத் தூக்கித்தான் வுட்டாரு, எங்க ஆளு மேலதான் நான் மோதிக்கிட்டேன்'னு சொன்னான். சாமிதுரை சாரும் நான் நேரா பாக்கலன்னு ஒத்துக்கிட்டாரு. கார்டை ரத்து பண்ணிடலாம்னு முடிவே பண்ணிட்டோம். சாயந்தரம் ஒன் லெட்டரு வருது, கழுத்தப் புடிச்சு அடிச்சேன்னு."

ஜெரோம் ஒரு படி முன்னால் வந்தான்.

"சார், அது நெசம் இல்ல சார். சும்மா எழுதுனது."

"சும்மா யாராவது அடிச்சேன்னு எழுதிக் குடுப்பாங்களா?"

"கம்பெனியில எழுதுவோம் சார்."

பழமலைநாதனுக்கு அது விளங்கவில்லை. அவர் உரக்கடை வைத்திருப்பவர், கடிதம் எழுதியும் வாங்கியும் பழக்கமில்லாதவர். எழுத்தில் இருப்பதைத் தள்ளிவிட்டு வாயில் சொல்வதை எடுத்துக்கொண்டால் நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள் என்றார். தப்பை மறைக்காமல் ஒப்புக்கொண்டதால் ஒரு வருடத் தடை வேண்டாம், ஃபைனல் மட்டும் போதும் என்று கமிட்டி இரக்கம் காட்டியிருப்பதாகவும் சொன்னார். 

அடைக்கலம் பக்கத்தில்தான் நின்றார். "நல்லதுக்குத்தானப்பா செஞ்சேன்" என்றார். அந்த ஊரில் நல்லதுக்கென்று செய்ததில் பாழாய்ப் போனவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். ஜெரோம் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையெழுத்து அவருடையது இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஃபைனல். ஜெரோம் வருவதில்லை என்றுதான் இருந்தான். ஆனால் ஆன் மேரி புதுக் கவுன் போட்டுக்கொண்டு நின்றாள். அப்பா ஆடவில்லை என்று சொல்லியும், அப்பா டீம் ஆடுதே என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். அவன் இடத்தில் நிலவன் ஆடினான், பாலிடெக்னிக் படிக்கிற பையன். முதல் பத்து நிமிடம் தடுமாறினான், அப்புறம் சுவர் மாதிரி நின்றான். ஒரு பந்தாவது அவனைத் தாண்டட்டும், ஜெரோம் இருந்திருந்தால் என்று யாராவது ஒருத்தர் சொல்லட்டும் என்று ஜெரோம் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான். வேண்டியதற்கு உடனே வெட்கப்பட்டான். மறுபடியும் வேண்டினான். யாரும் சொல்லவில்லை. சூசையப்பர் அணி இரண்டுக்கு ஒன்று ஜெயித்தது. பதினேழு வருடத்து ஆசை, அவன் கால் படாமலே நிறைவேறிவிட்டது.

பரிசளிப்பு. மூன்றாம் பரிசு வாங்கத் திட்டக்குடி அணியும் வந்திருந்தது. எல்லாம் கொடுத்து முடிந்தபின் பழமலைநாதன் மைக்கைப் பிடித்தார்.

"இன்னும் ஒரு பரிசு பாக்கி இருக்குது. தோக்கறது ஜெயிக்கறது பெருசு இல்லீங்க. செஞ்ச தப்ப எழுத்துல ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கற மனசு எத்தன பேருக்கு வரும்? நேர்மையான ஆட்டக்காரருங்கற சிறப்புப் பரிச சூசையப்பர் அணி ஜெரோமுக்குக் குடுக்கிறோம். மேடைக்கு வாங்க."

மைதானம் முழுக்கக் கை தட்டியது. அடைக்கலம் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். ஆன் மேரி அப்பாவின் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். ஜெரோம் மேடை ஏறினான். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, கையில் ஒரு சின்னக் கோப்பையைக் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசுங்க என்று மைக்கை நீட்டினார்கள். நான் அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால், பிறகு ஏன் அடித்தேன் என்று எழுதினாய் என்று கேட்பார்கள். கீழே மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்றிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினான். அந்த ஒரு சொல்லுக்காகத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

படிக்கட்டுக்குக் கீழே கார்முகில் நின்றான். மூக்கில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது.

"ஏண்ணே அப்படி எழுதுனீங்க? உங்களுக்காகத்தான் நான் வந்து சொன்னேன். இப்ப எங்க ஊர்ல என்னைத்தான் பொய்யன்னு சொல்றாங்க. எதிர் டீமுகிட்ட வாங்கித் தின்னுட்டு வந்து பேசினேனாம். டீமை விட்டே நிறுத்திட்டாங்கண்ணே."

ஜெரோம் கோப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.   கார்முகில், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போறேண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

ஆன் மேரி ஓடிவந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள். நடந்து போகிறவனைப் பார்த்தாள்.

"யாருப்பா அது?"

"நான் அடிச்ச பையன்மா" என்றான் ஜெரோம்.