லேப் அக்காவின் லீவுப் பெட்டிகள்

லேப் அக்கா பெட்டியைக் காதருகே கொண்டுபோய் ஒருமுறை குலுக்குகிறார். பிறகு தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை. கடைக்காரர் கல்லாவிலிருந்து நிமிராமலே கேட்கிறார்:

"தேங்காயா வாங்குறீங்க, ஆட்டிப் பாக்க?"

"திருகுப் பாக்கெட் உள்ள பிரிஞ்சு கிடக்கு. வீட்டுக்குப் போனா ரெண்டு குறையும். வாங்கிட்டுப் போற பிள்ளையோட அம்மா வந்து உங்களத்தான் திட்டுவாங்க. எனக்கென்ன."

பெட்டியை அடுக்கின் அடியில் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். பள்ளி லீவு விட்டால் அந்த ஸ்டேஷனரி கடையில் நோட்டுகள் பின்னுக்குப் போய்விடும். முன்வரிசை முழுக்க சயின்ஸ் பெட்டிகள்தான். காந்தம், மின்சுற்று, படிகம் வளர்ப்பது, பொங்கி வழியும் எரிமலை. எரிமலையை மட்டும் லேப் அக்கா தொடுவதில்லை. "பொங்குறதப் பாக்கணும்னா பால அடுப்புல வெச்சுட்டு போன் பேசச் சொல்லுங்க."

பக்கத்துப் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் அவர் லேப் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த தலைமையாசிரியரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். எந்தப் புட்டியையும் மூக்கருகே கொண்டுபோகக் கூடாது, கையால் விசிறித்தான் முகர வேண்டும் என்பது ஆய்வக விதி. அந்த விதியிலிருந்து வீட்டுப் பாலைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. சர்க்கரை டப்பாவின் மேல் "சர்க்கரை" என்றும் திறந்த தேதியும் ஒட்டியிருக்கும். தீக்குச்சி உரசும்போது முகம் தானாக ஒருபக்கம் திரும்பிக்கொள்ளும்.

லீவு விட்டதும் பெற்றோர்கள் அவரைத் தேடி வருவார்கள். பிள்ளையின் மார்க்கை அவர் கேட்பதில்லை. வயதைக்கூடக் கேட்பதில்லை. ஒரே கேள்விதான்: "வீட்டுல இதுவரைக்கும் என்னத்த ஒடைச்சான்?"

இந்த வருடம் ஒரு அம்மா வெட்கத்தோடு சொன்னார்: "டிவி ரிமோட்டைப் பிரிச்சுட்டான். அதுக்கப்புறம் அவங்கப்பா ஷேவிங் மெஷின்."

"திரும்பச் சேத்தானா?"

"சேத்தான். ஓடத்தான் இல்ல."

"பல்சக்கரம் இருக்குற பெட்டி வாங்கிக் குடுங்க. மெஷின் தப்பிக்கும்."

இன்னொருவர் பெருமையாகச் சொன்னார்: "எங்க பையன் எதையுமே ஒடைச்சதில்ல. வெச்சது வெச்ச இடத்துல இருக்கும்."

லேப் அக்கா "அப்ப எனக்குத் தெரியல. ரெண்டு நாள் கூடப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்தப் பதில் வந்த இடம் அவர் வீடு. தம்பியின் மகள் இந்த லீவுக்கு அங்கேதான் இருக்கிறாள். ஒன்பது வயது. தம்பி மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. தம்பிக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை, பிள்ளையைத் தனியாக விட முடியாது. கொண்டுவந்து விட்ட அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "தொந்தரவே பண்ண மாட்டாக்கா. அதான் பயமா இருக்கு. முன்னெல்லாம் ஏன் எதுக்குன்னு கேட்டு உசுர வாங்குவா. இப்ப எதச் சொன்னாலும் சரிங்கறா. எதுவும் வேணும்னு கேக்குறதில்ல."

உண்மைதான். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். குளி என்றால் குளித்தாள். ஜன்னலோரம் உட்கார் என்று யாரும் சொல்லாமல் அங்கே உட்கார்ந்தது ஒன்றுதான் அவளாகச் செய்தது. தினமும் சாயங்காலம் தம்பி போன் செய்வான். "ஏதாவது கேட்டாளாக்கா?" "இல்லடா." அவ்வளவுதான் பேச்சு.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பெட்டி சொல்லும் தனக்கு இவளுக்கென்று ஒரு பெட்டி கிடைக்காதா என்று லேப் அக்கா நினைத்தார். முதலில் காந்தம் வாங்கினார். அவள் குறிப்பில் இருந்தபடி செய்தாள். ஊசி மிதந்து வடக்கே திரும்பியது. "வந்துருச்சு அத்தை" என்று எல்லாவற்றையும் அதனதன் குழியில் வைத்து மூடினாள். பெட்டி சரியில்லை என்று முடிவு செய்து படிகம் வளர்ப்பதை வாங்கினார். மூன்று நாளில் நீலப் படிகம் அழகாக வளர்ந்தது. "நல்லா இருக்கு அத்தை." அதையும் மூடினாள்.

மூன்றாவது, மோட்டாரில் சுழலும் சின்ன விசிறி. மதியம் தரையில் பெட்டியைத் திறந்தவள் எதையும் வெளியே எடுக்கவில்லை. திருகு ஒன்றை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இத யாரோ ஏற்கனவே செஞ்சு பாத்திருக்காங்க அத்தை."

"எப்படிச் சொல்ற?"

"திருகு தலையில கீறல் இருக்கு. வயர் நுனியெல்லாம் முறுக்கி நேராக்கியிருக்கு. காந்தப் பெட்டியில ஊசிய முன்னாடியே தேச்சு வெச்சிருந்துச்சு."

செய்தது லேப் அக்காதான். அது அவர் தொழில். செய்முறைத் தேர்வுக்கு முதல்நாள் எல்லாக் கரைசலையும் தானே கலந்து, எல்லாச் சோதனையையும் தானே ஒருமுறை செய்து பார்த்து, எதுவும் நடக்காததுபோலக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். மறுநாள் எந்த மாணவனுக்கும் நிறம் மாறாமல் போனதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைகூட அங்கிருந்து அழுதுகொண்டே வெளியே போகவில்லை என்பதுதான் அவருடைய ஒரே தற்பெருமை. இந்தப் பிள்ளைக்கு ஒரு சின்ன ஏமாற்றம்கூட வந்துவிடக் கூடாது என்று, அவள் தூங்கியதும் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, ஓட்டிப் பார்த்து, அச்சு அசலாக அடுக்கி ஒட்டியிருந்தார்.

"நான்தான்" என்றார். "ஓடலன்னா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

அவள் திருகைப் பெட்டியில் வைத்தாள். "அப்பாவும் ஸ்கூல் பைய அடுக்கிடுறாங்க. பென்சிலக்கூட சீவி வெச்சுடுறாங்க. ஷூ லேஸ் எனக்குக் கட்டத் தெரியும் அத்தை. அத முன்னாடியே கட்டி வெச்சுடுறாங்க, நான் கால மட்டும் விடணும்." புகார் போல இல்லாமல், "எல்லாம் முடிஞ்சு போயிருக்கு. அப்புறம் நான் எதுக்கு?" என்றாள்.

மறுநாள் காலை லேப் அக்கா அவளைக் கடைக்கு அழைத்துப்போய், அடுக்கின் முன்னால் நிறுத்தி, "நீயே எடு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டார். கடைக்காரருக்கு அதிசயமாக இருந்தது. "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

அவள் நிதானமாகப் பார்த்தாள். கடைசியில் ஓரம் நசுங்கிய ஒரு பெட்டியை உருவினாள். கைப்பம்பு. வாளியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது.

"அது வேணாம்மா. போன வாரம் வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. புதுசு தரேன் இரு" என்றார் கடைக்காரர்.

"ஏன் திருப்பிக் குடுத்தாங்க?"

வாசலில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு வாரத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'ஏன்' அது.

"தண்ணி ஏறலையாம்."

"ஏன் ஏறல?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கடை வெச்சிருக்கேன்?"

"அப்ப இதுவே இருக்கட்டும் அங்கிள்."

லேப் அக்காவின் உள்ளங்கை அரித்தது. ஓடாத பெட்டி என்று தெரிந்தே வாங்குவது அவர் வாழ்க்கையில் இதுவரை நடக்காதது. வழியில், "ஒரு தடவ நான் பாத்துட்டு…" என்று ஆரம்பித்தார். அவள் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்து மறுபக்கக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

மதியம் கூடத்தின் நடுவே வாளி. பக்கத்தில் நாற்காலி போட்டு லேப் அக்கா உட்கார்ந்திருந்தார். ஊசி போடும் குழல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் இருபக்கமும் இரண்டு வால்வு, இரண்டு டியூப். வால்வுகளின் மேல் தண்ணீர் போகும் திசைக்கு அம்புக்குறி இருந்தது. இரண்டும் வாளியிலிருந்து மேலே போகும் திசையைக் காட்ட வேண்டும். அவள் மாட்டியதில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்கு நாற்காலியிலிருந்தே தெரிந்தது. இழுத்தாள், பெரும்பாலும் காற்றுதான் வந்தது. தள்ளினாள், நகரவில்லை. பலமாகத் தள்ளினாள், ஒரு டியூப் கழன்று தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது.

அவள் அழவில்லை. குறிப்புத் தாளைப் புரட்டினாள், வால்வுகளை உற்றுப் பார்த்தாள், ஒன்றைக் கழற்றினாள். கழற்றியது சரியாக இருந்த வால்வை. அதைத் திருப்பி மாட்டி, டியூபைச் சொருகி, இழுத்துத் தள்ளினாள். மேலே தண்ணீர் ஏறவில்லை. வாளிக்குள் கொளகொளவென்று குமிழிகள் கிளம்பின. இப்போது இரண்டு அம்பும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

குனிந்து பார்த்தாள். மறுபடி தள்ளினாள். மறுபடியும் குமிழி. உதட்டைக் கடித்துக்கொண்டு அம்புக்குறிகளின் மேல் விரலை ஓட்டினாள். அந்த விரல் வாளியைப் பார்த்த ஒரு அம்பின் நுனியில் வந்து நின்றது, பிறகு அதைத் தாண்டிப் போய்விட்டது.

லேப் அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"சொல்லாதீங்க அத்தை" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "நானே பாத்துக்கறேன்."

அவர் பின்னால் நகர்ந்து சாய்ந்தார். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.