அம்மா நட்ட சித்தரத்தை

அம்மா எங்களை விட்டுச் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் மகள் வணக்கத்துடன் எழுதுவது.

குண்டடத்தை அடுத்த தோட்டமொன்றில் பிறந்த அம்மா, மணமாகி நெருப்பெரிச்சல் என்ற ஊருக்கு வந்தார். அப்பா இளவயதிலேயே காலமானதால் பனியன் கம்பெனியில் தைத்த துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். கண்பார்வை மங்கத் தொடங்கியதும் வேலையை விட்டு, தம் தந்தையார் தமக்கும் அண்ணனான என் மாமாவுக்கும் பொதுவில் விட்டுச்சென்ற தோப்புக்குத் திரும்பினார்.

சாதிக்காய் மரங்களும் மிளகுக் கொடிகளும் நிறைந்த தோப்பு அது. நிழலில் சும்மா கிடந்த மண்ணில் அம்மா மூலிகைகளை ஊடுபயிராக வைத்தார். வேலியோரம் ஆடாதோடை, ஈரம் நிற்கும் பக்கம் திப்பிலி, மரங்களுக்கு நடுவே சித்தரத்தை. முதலில் நட்டது அழுகிப்போனது. வடிகால் வெட்டி மறுபடி நட்டார். சித்தரத்தைக் கிழங்கு முற்ற மூன்று ஆண்டுகளாவது ஆகும். அம்மா காத்திருந்தார்.

அலுவலகங்களுக்கு அலைய முடியாததால் தம் பங்கை விற்கும் உரிமை உட்பட எல்லாவற்றுக்கும் மாமா பெயரிலேயே பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்.

அறுவடை நெருங்கிய சமயம், கண்புரை சிகிச்சைக்காக என் வீட்டில் தங்கினார். மாமா இளநீருடன் பார்க்க வந்தார். தோட்டம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். கண் தெளிந்ததும் அம்மாவை அழைத்துச் சென்றேன். தோப்பே இல்லை. கிடங்கு கட்டுவதற்காக இடம் விற்கப்பட்டு, மரங்கள் வெட்டப்பட்டு, பொக்லைன் மண்ணைப் புரட்டிப் போட்டிருந்தது. அம்மா நசுங்கிய கிழங்கு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். அழவில்லை.

அங்கிருந்து நேராக மாமா வீட்டுக்குப் போனோம்.

“ஏனுங்கண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களா?” என்று அம்மா கேட்டார்.

“சொன்னா நீ ஒத்துக்கமாட்டே கண்ணு. அதான் சொல்லல” என்றார் மாமா.

விற்ற பணத்தில் அம்மாவின் பங்கை அவர் முழுதாகவே கொடுத்தார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் அம்மா ஒரு தொட்டியில்கூடச் செடி வைக்கவில்லை.

கடைசி நாட்களில் மாமா வந்தபோது, உள்ளே அழைக்கட்டுமா என்று கேட்டேன்.

“உக்கார வெச்சுக் காபி குடு கண்ணு. நான் பாக்கல” என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோப்பில் அம்மாவுடன் உழைத்த பெண்களுக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும் என் நன்றி. இறுதிச் சடங்கில் மாமா கொண்டுவந்த பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அம்மாவின் உடல்மேல் நான் போர்த்த விடவில்லை என்று உங்களில் பலர் வருந்தினீர்கள். அது வேண்டாமென்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவர் அம்மா. அன்று அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.